அப்பப்போ அறுந்துபோகும் இணைப்பு

நெட் மொத்தமாகப் போய்விட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எங்கேயோ ஒயர் அறுந்திருக்கும், இல்லை பெட்டி எரிந்திருக்கும், இல்லை பில் கட்டாமல் விட்டிருப்போம். அரை மணியில் தெரிந்துவிடும். போய்ப் போய் வருகிற பழுதுதான் ஆளைப் படுத்துகிறது. நாம் பார்க்க உட்கார்ந்தால் எல்லாம் ஜம்மென்று ஓடும். எழுந்து போனதும் நிற்கும். வீட்டில் சின்னதாக ஒரு சர்வர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள்.

இந்த மாதிரிப் பழுதில் 'எது கெட்டது' என்று தேட ஆரம்பித்தால் ஊர்ப்பட்ட சாமான் இருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம், பணம்தான் போகும். 'எப்போது கெடுகிறது' என்று முதலில் எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கு நல்ல உதாரணம் வேல்ஸில் இருக்கும் அபெர்ஹோசன் என்ற சின்ன கிராமம். அங்கே 18 மாதமாக தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் தடுமாறியது. கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் 2020-இல் பொறியாளர்கள் விடியற்காலையிலேயே வந்து, மின்காந்த இரைச்சலை அளக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் தெருத்தெருவாக நடந்தார்கள். சரியாக 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து பெரிய இரைச்சல் கிளம்பியது. அந்த வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் போடும் பழைய டிவிதான் காரணம். கேபிளை எவ்வளவு சோதித்தாலும் அந்த டிவி தென்பட்டிருக்காது. 7 மணி என்ற நேரம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

இனி எங்கள் கதை. எங்கள் வீடு மயிலாப்பூரில், அக்கா வீடு கோட்டூர்புரத்தில். 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு சுமார் 29,000 கன அடி திறந்துவிட்டபோது, அடையாற்றுத் தண்ணீர் அக்காவின் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. அப்பாவின் நோட்டுப் புத்தகங்கள், கல்யாண ஆல்பம், பெட்டி நிறைய கடிதம் எல்லாம் கூழாகப் போயிற்று. எங்கள் வீட்டில் மிஞ்சியதை நான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அப்பா பேசிப் பதிவு செய்த கேசட்டுகளும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் இப்போது டிஜிட்டலாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். நம்ம ஊர் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. சில கேசட் ஒரே ஒரு தடவை ஓடும், அடுத்த தடவை நாடா ஒட்டிக்கொண்டு கிழியும். அப்போது கணினியில் ஏறிய அந்தக் கோப்பு மட்டும்தான் மிச்சம். அதனால் அது ஒரு வீட்டில் மட்டும் இருக்கக்கூடாது என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். தினமும் ராத்திரி 2 மணிக்கு அக்கா வீட்டு சர்வர் எங்கள் வீட்டு சர்வரோடு பேசி, அன்றைக்குப் புதிதாக வந்ததை இழுத்துக்கொள்ளும். அனுப்பாமல் இழுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் வைரஸ் ஏதாவது புகுந்தாலும் அக்கா பக்கத்தில் இருப்பதை அழிக்க அதற்கு வழி இருக்காது.

இரண்டு வருடம் ஒழுங்காக நடந்தது. 2025 ஜூலை கடைசியிலிருந்து சில ராத்திரி நடக்கும், சில ராத்திரி நடக்காது. காலையில் எழுந்து அக்கா வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்து பார்ப்பேன், "எதிர்ப்பக்கம் பதில் இல்லை" என்று எழுதியிருக்கும். கையால் ஓடவிட்டால் உடனே ஓடும். இது ஒரு மாதம். வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அக்கா தினமும் ஃபோனில், "டேய், ராத்திரி காப்பி ஆச்சா?"

இணையச் சேவை நிறுவனத்தைக் கேட்டால் முதல் பதில் உங்களுக்கே தெரியும்: ரவுட்டரை அணைத்துப் போடுங்க சார். நான் இதற்கு எதிரி. அணைத்துப் போட்டால் பல சமயம் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் பெட்டி எத்தனை நாளாக விழித்திருக்கிறது, எத்தனை பிழை எண்ணியிருக்கிறது, கடைசியாக எப்போது இணைப்பு விட்டது என்ற கணக்கெல்லாம் பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் அதோடு துடைத்துப் போய்விடும். அணைப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஃபோனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

அடுத்தது, மூன்று இடத்துக்கு ஒரே சமயத்தில் பிங். மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய குட்டி நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை வைத்துப் பெயர் வைத்தார். 'இருக்கியா?' என்று கேட்டு, 'இருக்கேன்' என்ற பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று சொல்லும், அவ்வளவுதான். முதல் பிங் வீட்டு ரவுட்டருக்கு. இரண்டாவது, நிறுவனத்தின் பக்கம் நமக்கு முதலில் எதிர்ப்படும் பெட்டிக்கு. மூன்றாவது, வெளியே எங்கேயாவது எப்போதும் விழித்திருக்கும் ஒரு முகவரிக்கு. ஒவ்வொன்றும் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, நேரத்தோடு ஒரு கோப்பில் எழுத வேண்டும். முதலாவதே விட்டுப்போனால் பழுது வீட்டுக்குள். முதலாவது சரி, இரண்டாவது போச்சு என்றால் தெருவில். மூன்றாவது மட்டும் போனால் அதற்கும் அப்பால்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வழியில் இருக்கும் எல்லாப் பெட்டிகளையும் வரிசையாகக் காட்டும் எம்டிஆர் போன்ற நிரலை ஓடவிட்டால், நடுவில் ஒரு பெட்டி 60 சதவீதம் இழப்பு என்று சிவப்பாகக் காட்டும். உடனே அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகக்கூடாது. பெரிய ரவுட்டர்கள் தங்களிடம் நேராகக் கேட்கப்படும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். மற்றவர்களுக்குப் போகும் பேக்கெட்டை ஒழுங்காகக் கடத்தும். இழப்பு ஒரு இடத்தில் தொடங்கி கடைசி வரைக்கும் தொடர்ந்தால் மட்டும் கவலைப்படலாம்.

இன்னொன்று கடிகாரம். இரண்டு வீட்டு சர்வரிலும் நேரம் ஒன்றாக ஓட வேண்டும், ஒரே மணிக்கணக்கில் எழுத வேண்டும். அக்கா பெட்டி உலகப் பொது நேரத்தில் எழுதும், ஆகவே நம் ராத்திரி 2 மணி அதில் முந்தின நாள் 20:30. இந்த ஐந்தரை மணி வித்தியாசத்தில் தேதியே மாறிவிடும். பல பேர் தப்பான ராத்திரியின் பதிவைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

ஒரு வாரம் பிங் ஓடியதில் மூன்றுமே சுத்தம். காப்பி நடக்காத ராத்திரியிலும் 2 மணிக்கு ஒரு பேக்கெட்கூட விடவில்லை. இதுவே பெரிய செய்தி. எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை சரி, வெளியிலிருந்து உள்ளே வருவதில்தான் கோளாறு.

அப்புறம் சமையலறையில் தொங்கும் மாத நாள்காட்டியை எடுத்து, ஆகஸ்ட் மாதத்தில் காப்பி நடந்த ராத்திரிகளுக்கு மட்டும் பேனாவால் டிக் போட்டேன். டிக் எல்லாம் வெள்ளி, சனியில் வந்து உட்கார்ந்தது. சேவை மையத்தில் சொன்ன காரணம் நெரிசல். நெரிசலென்றால் வார இறுதியில்தானே மோசமாக வேண்டும்? தவிர ராத்திரி 2 மணிக்கு எவன் நெரிசல்? இந்த வரிசையில் சேராத டிக் இரண்டு இருந்தன: ஆகஸ்ட் 14 வியாழன், ஆகஸ்ட் 26 செவ்வாய். முதலாவது சுதந்திர தினத்துக்கு முந்தின ராத்திரி, இரண்டாவது விநாயகர் சதுர்த்திக்கு முந்தின ராத்திரி. ஆக வார இறுதி என்பதைவிட, மறுநாள் லீவு என்பதுதான் பொருத்தம். கம்பிக்கு லீவு தெரியாது. லீவு தெரிந்த யாரோ ஒரு ஆள் இதில் இருக்கிறான்.

அக்கா பையன் எங்கள் வீட்டில் தங்கிக் காலேஜ் படிக்கிறான். கேட்டேன். "ஆமா மாமா, லீவுன்னா ரெண்டரை மூணு வரைக்கும் படம் பார்ப்பேன். நம்ம வீட்டு டிஸ்க்லேர்ந்துதான்." அவன் 'நம்ம வீடு' என்றது கோட்டூர்புரம். அதாவது அவன் படம் பார்க்கும்போது எங்கள் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு ஒரு பாதை திறந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் அக்கா சர்வர் கூப்பிட்டால் அந்தப் பாதை வழியாக வந்துவிடுகிறது. அவன் தூங்கப் போன ராத்திரிகளில் பாதை மூடிக்கிடக்கிறது. காலையில் நான் சோதிக்கும்போது எப்போதும் வேலை செய்ததற்கும் இதுதான் காரணம்: சோதிப்பதற்காக நான் அக்கா பெட்டிக்குள் நுழைவதே பாதையைத் திறந்துவிடும்.

பாதை ஏன் மூடுகிறது? எங்கள் ரவுட்டரில் வெளி முகவரியைப் பார்த்தேன், 100.72 என்று ஆரம்பித்தது. 100.64-இலிருந்து 100.127 வரை உள்ள எண்கள் 2012 ஏப்ரலில் ஒரு தனி வேலைக்காக ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. நம் ஆசியப் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் குடிவைக்கின்றன. இதற்குப் பெயர் கேரியர் கிரேடு நாட். பெரிய ஃபிளாட்டுக்கு ஒரே வாசல், ஒரே வாட்ச்மேன் மாதிரி. நீங்கள் வெளியே போனால் 'இவர் திரும்ப வருவார்' என்று வாட்ச்மேன் குறித்துக்கொள்வார், பதில் வந்தால் உங்கள் கதவுக்கு அனுப்புவார். நீங்கள் கூப்பிடாமல் யாராவது வந்து நின்றால் எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். குறிப்பையும் ரொம்ப நேரம் வைத்திருக்க மாட்டார். யுடிபி வகைப் போக்குவரத்துக்கு குறைந்தது இரண்டு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி. நடைமுறையில் அதைவிடச் சீக்கிரமே கிழித்துப் போடுவதும் உண்டு.

ஜூலைக்கு முன்னால் எங்களுக்குத் தனிப் பொது முகவரி இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிட்டார்கள். முழுசாக நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒயர்கார்ட் சுரங்கம், எதிராளி கடைசியாக எந்த முகவரியிலிருந்து பேசினாரோ அதைத் தானாகவே கற்றுக்கொள்ளும். அந்த நல்ல குணம்தான் பழுதைப் பாதி மறைத்தது.

தீர்வு ஒரு வரி. எங்கள் பக்கத்து ஒயர்கார்டில், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் 25 விநாடிக்கு ஒரு சின்ன பேக்கெட் அனுப்பச் சொல்லலாம். வாட்ச்மேன் குறிப்பைக் கிழிப்பதற்குள் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வருவது. நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டிப் பொது முகவரி வாங்கலாம், இரண்டு வீட்டிலும் ஐபிவி6 இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். அக்கா வீட்டு இணைப்பில் அது இல்லை. 25 விநாடிக்குச் செலவில்லை. செப்டம்பர் முழுக்க எல்லா ராத்திரியும் டிக்.

அக்டோபர் நடுவில் மழை பிடித்ததும் மறுபடி விட்டுப்போனது. இந்தத் தடவை முதல் பிங்கே விட்டது. ஆகவே பழுது வீட்டுக்குள். நேரத்தைப் பார்த்தால், மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும், மறுநாள் வெயில் ஏறினால் சரியாகும். சர்வரின் பதிவில் இணைப்பு வேகம் 1000 மெகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கியிருந்தது. இந்த இறக்கம் நிறையச் சொல்லும். ஈத்தர்நெட் கேபிளுக்குள் நாலு ஜோடி ஒயர். 1000 வேகத்துக்கு நாலும் வேண்டும், 100 வேகத்துக்கு இரண்டு போதும், 1, 2, 3, 6 ஆகிய முனைகள். அப்படியென்றால் அந்த இரண்டு ஜோடி பிழைத்திருக்கிறது, மற்ற இரண்டில் ஏதோ ஒன்று செத்திருக்கிறது: நீலம் அல்லது பழுப்பு. ரவுட்டரோ கார்டோ மொத்தமாகக் கெட்டிருந்தால் இப்படிப் பாதியில் நிற்பது அபூர்வம்.

கேபிள் கீழ் ஹாலிலிருந்து மாடிக்கு வெளிச்சுவர் வழியாகப் போகிறது. பல வருடம் முன்னால் ஒரு ஒயர்மேன் இழுத்தது. நடுவில் சன்ஷேடுக்கு அடியில் ஒரு ஜாயின்ட். திறந்தால் முனைகளில் பச்சைக் களிம்பு. சாந்தோம் கடல் கூப்பிடு தூரம். உப்பு காற்றில் வந்து படியும், மழை ஈரத்தில் கரையும், மின்சாரம் ஓடும் உலோகத்தை அரிக்கும். வெயிலில் காய்ந்தால் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். ஒயரைப் பிளேடால் சுரண்டினேன், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். கேட்5இ, கேட்6 என்று சொல்ல வேண்டுமானால் உள்ளே முழுச் செம்பு இருக்க வேண்டும். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், மடக்கினால் சீக்கிரம் ஒடியவும் செய்யும். ரிச்சி தெருவில் வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

முழுச் செம்புக் கேபிள் வாங்கி, ஜாயின்ட் இல்லாமல், படிக்கட்டு ஓரமாக வீட்டுக்குள்ளேயே இழுத்துவிட்டோம். அதற்குப் பிறகு டிசம்பர் வரை நாள்காட்டியில் டிக் இல்லாத கட்டம் இரண்டு. இரண்டும் கோட்டூர்புரத்தில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாத நாட்கள். பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.