மலையேறும் மின்கம்பியும் பொதுநீதியும்

அரிசிக் கடை ஒன்றிற்கு எதிரே மற்றொரு கடை திறக்கப்பட்டால் நுகர்வோருக்கு நன்மையே. இரு வணிகரும் போட்டியிட விலை குறையும், தரம் உயரும். ஆயின், எல்லாத் தொழில்களுக்கும் இவ்விதி பொருந்துவதில்லை. மின்சாரம், இருப்புப்பாதை, குடிநீர்க் குழாய் போன்றவை கம்பியாலும் பாதையாலும் குழாயாலும் பின்னப்பட்டவை. பொருளியலார் இவற்றை வலைப்பின்னல் தொழில்கள் என்பர். இவற்றின் இயல்பையும், இவற்றிற்கு ஒழுங்குமுறை ஏன் தேவை என்பதையும் நீலகிரியின் அரவேணுவை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் அமைந்தது அரவேணு. தேயிலைச் சரிவுகளும் சிதறிய குடியிருப்புகளும் கொண்ட பகுதி. இங்கு இரு நிறுவனங்கள் தனித்தனியே கம்பம் நட்டு மின்சாரம் விற்க முற்படுவதாகக் கொள்வோம். கம்பமும் கம்பியும் மின்மாற்றியும் இருமடங்காகும்; வீடுகளோ பெருகா. அச்செலவு முழுவதும் அவ்வீடுகளின் மீதே விழும். அனைவரும் ஒரே கம்பியில் இணைவதே சிக்கனம். இதனை இயற்கை முற்றுரிமை என்பர்.

எனினும், ஒற்றை விற்பனையாளரையே நம்பியிருப்போர் நிலை எளிதன்று. பறித்த பச்சைத் தேயிலை காத்திருக்காது. இலையை வாட்டும் விசிறிகளும் உருட்டும் எந்திரங்களும் மின்சாரமின்றி இயங்கா. தொழிற்சாலை நின்றால் இலை கெடும். சிறு விவசாயியின் உழைப்பு வீணாகும். வேறு கம்பிக்கு மாறவும் வழியில்லை. எனவே, முற்றுரிமையை அனுமதிக்கும் சட்டமே அதற்குக் கடிவாளமும் இடவேண்டியதாகிறது.

மற்றொரு சிக்கல் தொலைவு பற்றியது. ஒரு கிலோமீட்டர் மின்பாதைக்கு 5 லட்சம் ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். நகரத் தெருவில் அப்பாதை 200 வீடுகளுக்குப் பயன்பட்டால் வீட்டிற்கு 2,500 ரூபாய். மலைச்சரிவில் 10 வீடுகளே இருப்பின் வீட்டிற்கு 50,000 ரூபாய். அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டுமெனில் மலையில் விளக்கெரிவது அரிது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தின் கட்டண விகிதம் மலைக்கும் சமவெளிக்கும் ஒன்றே. நகரின் நெருக்கம் மலையின் தொலைவைத் தாங்குகிறது.

இதனைச் சலுகை எனக் கருதலாகாது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, நீலகிரியில் பிறந்த மின்சாரம் கோயம்புத்தூர் நூற்பாலைகளுக்கு வலுவூட்டியது. பின்னர்க் குந்தா மின்திட்டமும் அவ்வாறே சமவெளிக்குப் பயன்பட்டது. மலை தன் நீரின் ஆற்றலைத் தந்தது. கம்பிச் செலவைச் சமவெளி பகிர்ந்துகொள்வது முறையேயாகும்.

1957இல் தோன்றிய மின்சார வாரியம் அரசின் மேற்பார்வையில் தானே விற்று, தானே விலையும் வகுத்தது. 1999இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தபின் கட்டணம் வகுக்கும் பொறுப்பு விற்பவரிடமிருந்து பிரிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், விண்ணப்பித்தோர்க்கு இணைப்பு வழங்குவதை வினியோகிப்பவரின் கடமையாக்கியது. கட்டணம் வகுக்குமுன் பொதுமக்களின் கருத்துகளையும் மறுப்புகளையும் ஆணையம் ஆராய வேண்டும் என்றும் விதித்தது.

அச்சட்டமே போட்டிக்கும் இடமளித்தது. மின் உற்பத்தியில் பலர் போட்டியிடலாம். கம்பி மட்டும் பொதுவாக இருக்கும். பெரும் நுகர்வோர் அக்கம்பியின் வழியே பிறரிடம் மின்சாரம் வாங்கலாம். ஆனால், கட்டணம் மிகுதியாகச் செலுத்துவோர் எல்லாரும் விலகிச் சென்றால், மலைக்கம்பியின் செலவை யார் சுமப்பது? பாலின் ஏட்டை ஒருவர் எடுத்துச் செல்ல, எஞ்சியோர்க்கு மோரே மிஞ்சும். இதனைத் தடுக்கவே விலகுவோரிடம் கூடுதல் கட்டணம் பெறப்படுகிறது.

எனினும், இச்சுமைக்கும் ஓர் எல்லை உண்டு. தொழிற்சாலையின் மின்செலவு அளவு மீறினால் தேயிலை விவசாயிக்குக் கிடைக்கும் இலைவிலையே குறையும். ஒரு கையால் வீட்டிற்குத் தந்ததை மறு கையால் தோட்டத்திலிருந்து எடுத்ததாக அது முடியும். இவ்விரண்டையும் துலாக்கோல்போல் நிறுப்பதே ஆணையத்தின் பணி.

ஆணையம் இருப்பதனால் மட்டும் நீதி நிலைத்துவிடாது. பெருந்தொழிலகங்கள் தம் வாதத்தை எடுத்துரைக்க வல்லுநர்களை அனுப்பும். சிதறிக் கிடக்கும் மலைவீடுகளுக்காகப் பேசுவோர் யார்? கருத்துக் கேட்கும் காலத்தில் அவ்வூர்களின் நிலையை எழுத்தில் வடித்துத் தருவது கற்றவர்க்குரிய பணியாகும். மாணவர்களும் ஊர்ப் பெரியோர்களும் இணைந்து அதனைச் செய்வார்களாயின், மலையேறிய கம்பி மலையிலேயே நிலைக்கும்.