தாமதமாக வந்த பார்சல்: பணத்தைத் திரும்பப் பெறும் வழி

மக்காச்சோளத்தில் படைப்புழுவின் நடமாட்டத்தை அறிய ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைக்கவேண்டும் என்பதும், விதைத்த ஒரு வாரத்திற்குள் அவற்றை வைத்துவிட வேண்டும் என்பதும் விவசாயிகள் அறிந்தவையே. 2018ல் இப்புழு நம் நாட்டில் காணப்பட்டது முதல் இப்பொறிகளின் தேவை கூடியிருக்கிறது. உள்ளூர்க் கடைகளில் எல்லா நேரத்திலும் இவை கிடைப்பதில்லை. ஆகவே கைபேசி மூலம் ஆர்டர் செய்து வரவழைக்கும் பழக்கம் சிற்றூர்களிலும் பரவிவிட்டது. பொறி மட்டுமன்று, காய்கறி விதை, கைத்தெளிப்பானுக்குரிய வாஷர், சொட்டுநீர்க் குழாயின் உதிரிகள் எனப் பலவும் இவ்வாறே வருகின்றன.

பெரம்பலூர்ப் பக்கம் 2 ஏக்கர் மானாவாரிக் கரிசல் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். புரட்டாசி மழையை எதிர்பார்த்து செப்டம்பர் 20ந் தேதி 10 பொறிகளுக்கு லூருடன் சேர்த்து ரூ.1,450 செலுத்தி ஆர்டர் செய்கிறார். 26ந் தேதிக்குள் வந்து சேரும் என்று திரையில் காட்டுகிறது. 24ந் தேதி விதைக்கிறார். பார்சல் வருவதோ அக்டோபர் 21ந் தேதி. பயிருக்கு அப்போது வயது 27 நாள். அந்துப்பூச்சி முட்டையிட்டு, புழு பொரித்து, குருத்துக்குள் புகுந்து, மரத்தூள் போன்ற கழிவு வெளித் தெரியத் தொடங்கியாயிற்று. இனி அந்தப் பொறி அவருக்கு எதற்கு?

இடையில் விற்பனையாளரின் எண்ணுக்குப் பத்து முறை பேச முயன்றிருப்பார். மணி அடித்து ஓய்ந்திருக்கும். தட்டச்சு செய்து கேட்டால் "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று இயந்திரம் பதில் சொல்லியிருக்கும். ரூ.1,450க்காக இரண்டு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்வதா என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விற்பவர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

சட்டம் சொல்வது என்ன?

2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் மின்வணிகத்திற்கெனத் தனி விதிகளும் வெளியாயின. குறைபாடுள்ள பொருளுக்கும் போலிப் பொருளுக்கும் மட்டுமின்றி, சொன்ன நாளுக்குப் பின் வந்து சேர்ந்த பொருளுக்கும் பணத்தைத் திருப்பித் தர விற்பவர் மறுக்கக்கூடாது என்று அவ்விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. பிறர் சரக்கை விற்றுக்கொடுக்கும் தளத்தில் கடை வைத்திருப்பவருக்கும், சொந்தச் சரக்கை விற்கும் தளத்திற்கும் இது பொருந்தும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மனித சக்திக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தாமதம் நேர்ந்திருந்தால் இவ்விதி பொருந்தாது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலைப் போல வெள்ளத்தால் சாலை துண்டிக்கப்பட்டால் விற்பவரைக் குறை சொல்ல இயலாது. ஆனால் பண்டிகைக் கால நெரிசல், கிட்டங்கியில் ஆள் பற்றாக்குறை போன்றவற்றை இந்த வகையில் சேர்ப்பது நியாயமன்று. பூசையும் தீபாவளியும் ஆண்டுதோறும் வருபவை. நாளைக் குறிக்கும்போதே அது விற்பவருக்குத் தெரியும்.

விவசாயி நுகர்வோரா என்ற கேள்வியைச் சிலர் எழுப்புவதுண்டு. வாணிப நோக்கத்தில் வாங்குபவர் நுகர்வோர் ஆகார் என்று சட்டம் சொல்வது உண்மையே. ஆயினும் தம் உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வாணிபம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012ல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சிறு விவசாயிகள் இதில் ஐயுற வேண்டியதில்லை.

ஆர்டர் செய்த அன்றே செய்யவேண்டியது

வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரு சிறு செயலைப் பொறுத்தது. ஆர்டர் போட்டவுடன், வந்து சேரும் நாளைக் காட்டும் திரையை ஸ்கிரீன் ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தாமதம் ஏற்பட்டால் பல தளங்களில் பழைய தேதி மறைந்து அவ்விடத்தில் புதிய தேதி வந்துவிடும். 21ந் தேதி பார்சல் வரும்போது திரையிலும் 21ந் தேதி என்றே இருக்கும். முதலில் சொன்னது 26 என்பதற்கு அத்தாட்சி இராது. படம் எடுக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எடுக்கச் செய்யலாம். ஆர்டர் எண் வந்த குறுஞ்செய்தி, பணம் சென்றதற்கான செய்தி, பில் ஆகியவற்றையும் அழித்துவிடக் கூடாது.

தாமதம் என்று தெரிந்தவுடன், பொருள் வரும்வரை காத்திராமல் ஆர்டரை ரத்து செய்து பணத்தைக் கேட்பது நல்லது. பணம் பின்னர் தருவதாக ஆர்டர் செய்திருந்தால் பார்சலை வாங்காமலே திருப்பிவிடலாம். முன்பணம் கட்டியவர், பார்சல் வந்துவிட்டால், அதைப் பிரித்துப் பயன்படுத்தாமல் இருக்கவேண்டும். வந்ததே வந்தது, கிடக்கட்டும் என்று நான்கு பொறிகளை நிலத்தில் நட்டுவிட்டுப் பிறகு பணத்தைக் கேட்டால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே விற்பவர் வாதிடுவார். உறையை நாலு பக்கமும் படம் எடுத்து, வந்த நாளைக் குறித்து, நிழலில் வைத்துவிடவும்.

பார்சல் கைக்கு வருமுன் கடவு எண்ணை (ஓ.டி.பி.) தொலைபேசியில் யாருக்கும் சொல்லலாகாது. சொன்னால், பொருள் உரிய நாளில் கொடுக்கப்பட்டதாகப் பதிவாகிவிடக்கூடும். டீக்கடையில் வைத்துவிட்டுப் போகிறேன் என்பவரிடம் இது விஷயத்தில் கண்டிப்பாக இருப்பது தவறாகாது.

எழுத்தில் கேட்க வேண்டும்

தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும். தளத்தின் செய்திப் பெட்டியிலோ மின்னஞ்சலிலோ கீழ்க்கண்டவாறு எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம்.

"ஆர்டர் எண் ......... நான் 20.9 அன்று ரூ.1,450 செலுத்தி 10 இனக்கவர்ச்சிப் பொறிகள் வாங்கினேன். 26.9க்குள் தருவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். 21.10 அன்றுதான் வந்தது. விதைத்த ஒரு வாரத்திற்குள் வைக்கவேண்டிய பொருள் ஆதலால் எனக்குப் பயன்படாது. பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு, 7 நாளில் முழுப் பணத்தையும் திருப்பித் தரவும்."

கோபச் சொற்கள் வேண்டாம். தேதிகளே போதிய வலு உடையவை.

விற்பவர் பதில் தராவிட்டால், இதே கடிதத்தைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொரு மின்வணிகத் தளமும் அவருடைய பெயரையும் முகவரியையும் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது விதி. புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்திற்குள் தீர்க்கவும் கடமைப்பட்டவர். "நாங்கள் இடையில் நிற்பவர்கள்தாம், விற்பவரைக் கேளுங்கள்" என்று தளம் கைகழுவப் பார்த்தால், விற்பவரின் தலைமையிட முகவரியையும் மின்னஞ்சலையும் தரும்படி எழுத்தில் கேட்கலாம். வாங்கியவர் கேட்டால் தளம் அவற்றைத் தந்தாக வேண்டும். இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதும்போது, அதுவரை வாய் திறவாதவர்களும் பேசத் தொடங்குவதுண்டு.

அட்டை மூலம் பணம் கட்டியவர்கள் இதற்கிடையே தம் வங்கியிலும் எழுதிக் கொடுக்கலாம். அட்டைப் பரிவர்த்தனையை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கோரும் முறை ஒன்று உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது.

1915ம், மாவட்ட ஆணையமும்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப் மூலமும் புகார் தரலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. புகாரை நிறுவனத்திற்கு அனுப்பிப் பதில் பெறுவதே இவர்கள் பணி. எனினும் ரூ.1,000, ரூ.2,000 அளவிலான சிறு தொகைகளுக்கு முதலில் நாடவேண்டிய இடம் இதுவே.

இதற்கும் அசையாத விற்பனையாளர்களுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் டில்லியிலோ சூரத்திலோ இருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். முந்தைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரையில் மனுக்கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தின் வழியாகவும் மனு செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும். அதற்கு முன் விற்பவருக்கும் தளத்திற்கும் 15 நாள் தவணை கொடுத்து ஓர் அறிவிப்பை விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்வது நல்லது. பதிவுத் தபால் 2025ல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது.

எதிர்த்தரப்பு அறிவிப்பைப் பெற்ற 3 மாதத்திற்குள் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது; நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். பணத்தோடு செலவுத் தொகையும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம். பயிர் இழப்பைக் கேட்பது வேறு விஷயம். பொறி வராததனால்தான் விளைச்சல் குறைந்தது என்று மெய்ப்பிப்பது எளிதன்று. அவ்வாறு கேட்க எண்ணுவோர், சேதம் கண்ணுக்குத் தெரியும்போதே உதவி வேளாண்மை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ அழைத்துக் காட்டி, எழுத்தில் அறிக்கை பெற்றிருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் தட்டையைக் காட்டிப் பயனில்லை.

போலி உதவி எண்கள்

பணத்தைத் திரும்பக் கேட்டு அலைபவர்களைக் குறிவைத்தே ஒரு மோசடி நடக்கிறது. இணையத்தில் தேடி எடுத்த "வாடிக்கையாளர் சேவை" எண்ணை அழைத்தால், ரூ.1,450 திருப்பி அனுப்புவதாகச் சொல்லி ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொல்வார்கள். யூ.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்குத்தான். பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவைப்படாது. தளத்தின் செயலிக்குள் உள்ள எண்ணைத் தவிர வேறு எண்ணை அழைக்க வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும். பொருளே அனுப்பாமல் தளத்தையே மூடிவிட்டு மறைந்தவர் மீதான புகாருக்கும் இதே எண்தான்.

பணம் வரும்வரை பயிர் காத்திராது. பொறி உரிய நாளில் வராது என்று தெரிந்தால், வாரம் இருமுறை வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இலையில் சுரண்டல், முட்டைக் குவியல் உள்ளனவா என்று பார்த்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் ஆலோசனைப்படி நடக்கவும். புகார் எழுதுவதில் உதவி தேவைப்படுவோர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம்.