ஓர் ஒட்சிசன், ஈர் ஒட்சிசன்

அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே பனி இறங்கும் இரவில் லயத்துக் காம்பராவின் கதவு, யன்னல் எல்லாம் சாத்திவிட்டுக் கரித்தணலில் குளிர்காய்ந்தால், காற்றுப் போதாமல் எரியும் கரி காபனோரொட்சைட்டை விடும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். காற்றுத் தாராளமாகக் கிடைத்திருந்தால் பெரும்பாலும் காபனீரொட்சைட்டே வந்திருக்கும். நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளிவிடுவது அதைத்தான். இரண்டு பெயருக்கும் நடுவே உள்ள ஓர், ஈர் என்பதே வித்தியாசம்: ஒன்றில் ஓர் ஒட்சிசன் அணு, மற்றதில் இரண்டு. இந்தப் பெயர்களை மனப்பாடம் பண்ண வேண்டிய பாரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் அவை பிரித்து வாசிக்க வேண்டிய சொற்கள்.

அப்படியானால் கல்சியம் குளோரைட்டில் இரண்டு குளோரின் இருந்தும் ஏன் 'ஈர்' இல்லை? நியாயமான கேள்வி. கல்சியத்தின் ஏற்றம் எப்போதும் +2, குளோரைட்டினுடையது −1. கணக்கு ஒரே வழியில்தான் நேராகும், எண்ணிச் சொல்லத் தேவையில்லை. சிக்கல் செம்பு போன்ற உலோகங்களில். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பிடித்த பிறகு கொழுந்துக்கு அடித்த மருந்துகளில் செம்புச் சேர்வைகள் முக்கியமானவை. அவற்றில் ஒன்றான சிவப்புத் தூள் செம்பு(I) ஒட்சைட்டு; செம்பு(II) ஒட்சைட்டோ கறுப்பு. அடைப்புக்குள் இருப்பது அணுக்களின் எண்ணிக்கை அல்ல, செம்பின் ஏற்றம். முதலாவதில் ஓர் ஒட்சிசனுக்கு இரண்டு செம்பு, மற்றதில் ஒன்றுக்கு ஒன்று. பரீட்சையில் புள்ளி பறிபோகும் இடம் இதுதான்.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம்தானே, இந்தத் தமிழ்ப் பெயர் எதற்கு என்பார்கள். ஆங்கிலப் பெயரில் வரும் 'டை'யும் கிரேக்கத்திலிருந்து வந்ததே. 'ஈர்' தமிழ்ப் பிள்ளைக்கு முன்பே தெரிந்த சொல். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1875இலேயே 'கெமிஸ்தம்' என்று ஒரு இரசாயன நூலைத் தமிழில் தந்திருக்கிறார். எல்லாப் பெயரும் விதிக்குள் வராது என்பதும் சரிதான். உர மூட்டையில் இருப்பது யூரியா. தண்ணீரை யாரும் ஈரைதரசன் ஓரொட்சைட்டு என்று கேட்டு வாங்கிக் குடிப்பதில்லை. ஒரு குறையை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். புணர்ச்சி எண்ணை விழுங்கிவிடுகிறது. பாடநூலில் முதல்முறை வரும்போதாவது காபன்–ஈர்–ஒட்சைட்டு என்று பிரித்து அச்சிடலாம்.