சிறுசேமிப்பும் நித்தியப் பழக்கமும்

"அறுவடை வரட்டும், மிஞ்சினால் சங்கத்தில் போட்டு வைக்கிறேன்" என்று அங்கத்தினர் பலர் கூறுவதுண்டு. மிஞ்சிய பின் சேர்ப்பதென்பது பெரும்பாலும் நடவாத காரியம். மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் பயிரிடும் தருமபுரிக் குடியானவருக்கு வருஷக் கடைசியில் மிஞ்சுவது அரிது. ஆதலின் சேமிப்பை வரும்படியைச் சார்ந்த விஷயமாகக் கருதாமல், பழக்கத்தைச் சார்ந்த விஷயமாகவே கருதுதல் வேண்டும்.

இதற்கு உதாரணம் இந்த ஜில்லாவிலேயே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டில், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியைக் கொண்டு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் அமைத்தது தருமபுரி ஜில்லாவிலேயாம். அக்காலத்தில் கிருஷ்ணகிரியும் இதில் அடங்கியிருந்தது. 12 முதல் 20 பேர் வரை ஒரு குழுவாகச் சேருவர். குறித்த நாளில் கூடி, ஒவ்வொருவரும் ஒரே அளவான சிறு தொகையை எல்லோர் முன்னிலையிலும் செலுத்துவர். திரண்ட பொதுப் பணத்திலிருந்தே அவசரம் நேர்ந்தவருக்குக் கடன் கொடுக்கப்படும். 1992-இல் நபார்டு பாங்கி 500 குழுக்களைப் பாங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தேசமெங்கும் தொடங்கியது. 1997-98 முதல் மகளிர் திட்டம் என்ற பெயரால் இம்முறை தமிழ்நாடு முழுவதும் பரவலாயிற்று.

இக்குழுக்களில் சேர்ந்தவர்கள் செல்வர்களல்லர். கூலி வேலை செய்தவர்களே பலர். தொகை சிறிது, நாள் நிச்சயம், பக்கத்து வீட்டார் சாட்சி: இம்மூன்றுமே அவர்களுக்கு உதவின. வேறொரு நன்மையும் விளைந்தது. பெருவிரல் ரேகை வைத்து வந்தவர்கள் பலர் இக்கூட்டங்களிலேயே கையெழுத்திடக் கற்றனர். கூட்டந்தோறும் தன் பெயரை எழுதுகிறவளுக்கு எழுத்து தானே வசப்படுகிறது. எழுதப் படிக்கக் கற்கவேண்டுமென்று பெரிய சங்கற்பம் செய்து கொண்டு அவள் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டத்தினால் மட்டும் மாறுதல் நிலைக்குமா என்பதையும் இப்பிரதேசம் கண்டிருக்கிறது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலில் சேலம் ஜில்லாவில் அமுல் செய்தது. தருமபுரி அப்பொழுது அதன் பகுதி. கள்ளுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. கடையை மூடுவது சட்டத்துக்கு இயலும். மாலை வேளையில் கையிலுள்ள காசு எங்கே செல்லும் என்பதைச் சட்டம் நிர்ணயிக்க முடியாது. 1971-இல் விலக்குத் தளர்ந்தபொழுது, அந்த வேளைக்கும் காசுக்கும் வேறு வழி பழகியிராதவனுக்குப் பிடிப்பு ஏது?

பழக்கம் ஊன்ற எத்தனை நாள் ஆகும்? லண்டனிலுள்ள யூனிவர்ஸிடி காலேஜில் 96 பேரைக் கொண்டு செய்த ஓர் ஆராய்ச்சி 2010-இல் பிரசுரமாயிற்று. ஒரே வேளையில் ஒரே சிறு செயலைத் தினமும் செய்து வந்தவர்களுக்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமானதாயிருக்க, சிலருக்கு 254 நாட்கள் வரையிலும் வேண்டியிருக்குமென்று கணக்கிட்டனர். செயல் எளிதாயின் பழக்கம் விரைவில் அமைந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு உண்டாகவில்லை.

நம் பாட்டிமார் இதை ஆராய்ச்சியின்றியே அறிந்திருந்தனர். உலைக்கு அரிசி அளந்ததும் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இடுவர். உலை வைப்பது நாள்தோறும் நடப்பதால் பிடியரிசியும் மறவாது. காசுக்கும் அவ்விதமே விளக்கேற்றும் வேளையை வைத்துக்கொள்ளலாம். தினம் 5 ரூபாய் வீதம் வருஷத்தில் 1,825 ரூபாய். 20 அங்கத்தினர் சேர்ந்தால் 36,500 ரூபாய். தனி ஒருவர் தொகை கறவை மாடு வாங்கப் போதாது. ஆயினும் பள்ளி திறக்கும் மாதத்தில் லேவாதேவிக்காரரிடம் கைநீட்டாமலிருக்க உதவும். பொங்கலன்று, தினம் 100 ரூபாய் போடுவேனென்று சபதம் செய்கிறவர் மாசிக்குள் நிறுத்திவிடுவதே நாம் காண்பது.

ஒரு நாள் தவறினால் மறுநாள் 5 ரூபாயே போடுக. இரட்டிப்பாகப் போட முயன்றால் அது பாக்கிபோல் வளர்ந்து மனத்தைச் சலிக்கச் செய்யும். சந்தையில் காசு கரைந்துவிடுமாதலால், உண்டியலைச் சந்தைக்கு முந்தின மாலையே சங்கத்துக்குக் கொண்டுவருதல் நலம். அதை இரண்டு அங்கத்தினர் முன்னிலையில் திறந்து எண்ணி, சேமிப்புக் கணக்கில் வரவு வைத்து, பாஸ் புத்தகத்திலும் அப்பொழுதே பதிந்து கொடுப்பது காரியதரிசியின் பொறுப்பு.