காலடியில் காத்த சாஸ்திரம்

அடிமையின் பெயரை மாற்றலாம். அவன் கழுத்தில் வேறொரு மதத்தின் சின்னத்தை மாட்டலாம். தாய்மொழியைக் கூட இரண்டு தலைமுறைகளில் மறக்கடித்து விடலாம். ஆனால் கால் பழகிய தாளத்தை எந்த எஜமானன் பறிமுதல் செய்ய முடியும்?

பிரேஸில் தேசத்தின் பாஹியா மாகாணத்தில் 'காண்டோம்ப்ளே' என்றொரு வழிபாடு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் ஏற்றி வரப்பட்ட யொருபா ஜனங்கள் அதற்குப் பெரும்பங்கு அளித்தவர்கள். அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888-ல்தான்.

இச்சமயத்திற்கு வேத புஸ்தகம் கிடையாது. தீக்ஷை பெறும் பெண் பல நாட்கள் தனியறையில் வசித்து, தன் தெய்வத்துக்குரிய ஆட்டத்தைப் பயிலுகிறாள். ஓயாமல் கேள்வி கேட்பது அங்கே மரியாதையன்று. மூத்தோரைப் பார்த்துப் பார்த்துக் கற்பதே முறை.

திருவிழா இரவில் மூன்று முரசுகள் முழங்குகின்றன. சிறியவை இரண்டும் தாளத்தை மாறாமல் பிடித்துக் கொள்ள, 'ரூம்' என்னும் பெரிய முரசு ஆடுவோரின் கால்களோடு பேசுகிறது. வெறுங்காலுடன் பெண்கள் இடஞ்சுழியாக வட்டமிட்டு வருகிறார்கள். இரும்பின் தெய்வமான ஓகுமுக்குக் கைகள் வாளாகிக் காற்றை வெட்டுகின்றன. வேடனாகிய ஓஷோஸிக்கு விரல்களே வில்லும் அம்பும். நதி தேவதை ஓஷும் வந்து விட்டாலோ ஆட்டமே குழைந்து போகிறது: நீராடுகிறாள், கண்ணாடியில் முகம் பார்க்கிறாள், வளையல்களை ஒலிக்கச் செய்கிறாள்! பாட்டுக்கள் பழைய யொருபா மொழியிலானவை. பாடுகிறவர்களில் பலருக்குச் சொல்லுக்குச் சொல் அர்த்தம் தெரியாது. கையசைவுதான் அந்த அர்த்தத்தைச் சுமந்து வந்திருக்கிறது.

ஆடுகிறவள்மீது தெய்வம் இறங்குவதைக் கண்ட பாஹியா வைத்தியர் நீனா ராட்ரிகஸ் (1862-1906), அதை 'ஹிஸ்டீரியா' என்னும் நரம்பு வியாதியோடு சேர்த்து வைத்தார். ஆவேசம் வந்த பின்னும் முரசு மாறும்போது அடியும் மாறுகிறதே! அந்த வியாதிக்கு இவ்வளவு தாள ஞானம் எங்கிருந்து வந்ததென்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. போலீஸார் ஆலயங்களுக்குள் புகுந்து முரசுகளையும் பூஜைப் பொருள்களையும் வாரிச் சென்ற காலம் உண்டு. பாஹியாவில் இந்த ஆலயங்கள் போலீஸ் இலாகாவில் பதிவு செய்து கொண்டே விழா நடத்தவேண்டும் என்ற விதி 1976-ல்தான் நீங்கியது. காந்துவா ஆலயத்தை 1922 முதல் நடத்தி வந்த மெனினிஞ்யா அம்மையார் அந்த நாளைக் கண்ணால் கண்டார், 1986-ல் மறைந்தார். ஸால்வடார் நகரத்தின் பழமையான காஸா பிராங்கா ஆலயத்தைத் தேசியப் பாரம்பரியச் சின்னமாக்க 1984-ல் பிரேஸில் தீர்மானித்தது. அங்கே இன்றும் வட்டம் இடஞ்சுழியாகவே சுழல்கிறது.