கல்வியும் கைக்காசும்

ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. வீட்டில் சும்மா இருப்பதைவிட ஏதேனும் ஒரு வேலைக்குச் சென்றால், வரும் ஆண்டின் நோட்டுப் புத்தகங்களுக்கும் சீருடைக்கும் ஆகுமே என்பதுதான் அது. பெற்றோரின் பாரத்தில் சிறிதளவேனும் தானும் சுமக்க நினைக்கும் பெண்ணை யார்தான் பாராட்டமாட்டார்கள்? எனினும் வேலை தேடும் முன் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும். விடுமுறைக்கென்று வேலைக்குப் போன பெண், பள்ளி திறக்கும் நாளில் திரும்பி வராமற் போவதும் நம் நாட்டில் நடப்பதே.

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2016-இல் திருத்தப்பட்டது. இதன்படி 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு அமர்த்துவது குற்றம். குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலோ விடுமுறையிலோ பெற்றோருக்கு உதவலாம். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது. மீறி அமர்த்தும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

இந்த வயதினர் வேலை செய்யும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. தொடர்ந்து 3 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு தரவேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரமே. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை வேண்டும். மாலை நான்கரை மணிக்குப் பள்ளி விடுகிறது என்றால், 7 மணிக்குள் நமக்கு மிஞ்சுவது இரண்டரை மணி நேரமே! அதிலும் வீட்டுப் பாடம் காத்திருக்கும். ஆகவே பள்ளி நாட்களில் சிறு வேலையும், விடுமுறையில் சற்றுப் பெரிய வேலையும் என்று வகுத்துக்கொள்வதே அறிவுடைமை.

நமக்கேற்ற வேலைகள் யாவை? அண்டை வீட்டுச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுக்கும்போது நம் பாடமும் உறுதிப்படும். தையல் தெரிந்தவர்கள் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கலாம், சேலைக்கு ஃபால்ஸ் தைக்கலாம், குச்சு கட்டலாம். விடுமுறையில் தட்டச்சுப் பழகி அரசுத் தேர்வு எழுதி வைத்தால் அது இன்றைய வருமானம் அன்று. நாளைய வேலைக்குரிய சான்றிதழ். வேலை கேட்கச் செல்லும்போது அம்மாவையோ அக்காவையோ உடன் அழைத்துச் செல்வோம். நம்மால் எந்த நேரம் வரமுடியும், தேர்வுக் காலத்தில் வர இயலாது என்பவற்றை முதல் நாளே சொல்லிவிடுவோம்.

இனி எச்சரிக்கை. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், நம் மாநிலத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் கிராமத்துப் பெண்களைச் சேர்த்தனர். ஆலை விடுதியிலேயே தங்கி மூன்று ஆண்டுகள் உழைத்தால், முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாகத் தரகர்கள் வீடு தேடி வந்து கூறினர். நோயுற்று இடையில் திரும்பிய பலருக்கு அத்தொகை கிடைக்கவில்லை. படிப்பும் போயிற்று. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: கூலியை மாதந்தோறும் கையில் தராமல் 'பின்னால் மொத்தமாகத் தருகிறோம்' என்னும் வேலை நமக்கு வேண்டாம். அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். கைபேசியில் வரும் 'வீட்டிலிருந்தே வேலை. முன்பணம் கட்டுங்கள்' என்ற செய்தியை நம்ப வேண்டாம். வேலை கொடுப்பவர் பணம் தருபவரேயன்றிக் கேட்பவர் அல்லர். இடர் நேர்ந்தால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம், கட்டணமில்லை.

ஈட்டிய பணத்தை என்ன செய்வது? 10 வயது நிறைந்தவர்கள் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். சிறு துளி பெருவெள்ளம் அல்லவா?

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பணமில்லை என்பதற்காக மகளின் படிப்பை நிறுத்தும் முன், தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில் அது அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. இத்தகைய உதவிகள் இருப்பதை அறியாமலே படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர்!

வேலை நம் கல்விக்குத் துணை நிற்கட்டும். கல்வியின் இடத்தை அது பிடித்துக்கொள்ள விடாதிருப்போம். கோடையில் வேலைக்குச் செல்லும் நாம் ஒவ்வொருவரும், பள்ளி திறக்கும் நாளின் முதல் மணிக்கு நம் வகுப்பில் நம் இடத்தில் இருப்போம்.