பதிவில் இருக்கிறது

பருவத்துக்கு 5 பாடங்கள், பாடத்துக்கு 40 வகுப்புகள், வகுப்புக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே பதிவாகியிருக்கின்றன. மொத்தம் 166 மணி 40 நிமிடம். ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர், தேர்வு விடுமுறையில் இரட்டை வேகத்தில் ஓட்டினாலும் 83 மணி 20 நிமிடம் வேண்டும்.

வேகத்தால் பெரிய சேதமில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். இரட்டை வேகம் வரை புரிதல் அதிகம் குறையவில்லை; இரண்டரை மடங்கில் குறைந்தது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

2006இல், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு நான்கு சுற்றும் அதையே படித்தது. நான்கு சுற்றுகளுக்குள் சராசரியாக 14 தடவை. இன்னொரு பிரிவு ஒரு சுற்று மட்டும் படித்தது. மீதி மூன்றிலும் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்தே எழுதியது. இதற்கு மீட்டெடுப்புப் பயிற்சி என்று பெயர். இந்தப் பிரிவு பகுதியைப் படித்தது மூன்றரைத் தடவைகூட இல்லை.

5 நிமிடம் கழித்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து, படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61.

ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் 14 தடவை படித்தவர்கள்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பதன் காரணத்தை விளக்கும் ஒரு நிமிட அளவுக் காணொளி இரண்டு விதமாக எடுக்கப்பட்டது. வசனம் ஒன்றே. ஒன்றில் ஆசிரியர் தடையில்லாமல் பேசினார். மற்றதில் குறிப்பைப் பார்த்துத் தட்டுத்தடுமாறினார். சரளமான காணொளியைப் பார்த்தவர்கள் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று கணித்தார்கள். சோதனையில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. இரண்டாம் முறை ஓட்டும் எந்தப் பதிவும் சரளமாகத்தான் ஒலிக்கும்.

வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 177 பேரிடம் படிக்கும் முறையைக் கேட்டு 2009இல் வெளியிட்டார்கள். குறிப்பையோ பாடநூலையோ மறுபடி படிப்பதாகச் சொன்னவர்கள் 84 சதவீதம். நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11.

முந்தின இரவு கேட்டவருக்குக் காலையிலேயே தேர்வு வந்துவிடும். அவர் தேறியும் விடலாம். அதே பாடத்தின் இரண்டாம் பகுதி அடுத்த பருவத்தில் வருகிறது. நடுவில் இருக்கும் விடுமுறை ஒரு வாரத்தைவிட நீளமானது.